வஞ்சிரத்தை விடுங்கள், சூடான சாம்பார் கவரைப் பாருங்கள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் ஒரு அம்மாவின் கேள்வி இது: "மனித மூளையில் ஒரு ஸ்பூன் அளவுக்கு பிளாஸ்டிக் இருக்கிறது என்று ஒரு வீடியோ பார்த்தேன். கடலூர் முதுநகரில் இருக்கும் மாமியார் ஞாயிறுதோறும் துறைமுகத்தில் மீன் வாங்கிக் கொடுத்தனுப்புகிறார். ஐந்து வயதுப் பையனுக்கு மீன் கொடுப்பதை நிறுத்திவிடலாமா? உப்பிலும் பிளாஸ்டிக் இருக்கிறதாமே? கேன் தண்ணீர் குடிக்கலாமா?"

மீனை நிறுத்த வேண்டாம். இதை வைத்து மாமியாரோடு ஏற்கெனவே மனஸ்தாபம் வந்திருந்தால் முதலில் ஒரு போன் செய்து சரிசெய்துகொள்ளுங்கள். மீதியைப் பொறுமையாகப் பேசலாம். முப்பது வருடம் வேதியியல் சொல்லிக் கொடுத்தவன் நான், வீடு கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம். கொஞ்சம் நீளமாகப் போனால் பழைய பழக்கம் என்று விட்டுவிடுங்கள்.

உங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட நைலான் கயிறு கட்டியிருப்பீர்கள். நாலைந்து கோடை பார்த்த கயிறாக இருந்தால் விரலால் ஒரு தடவை உருவிப் பாருங்கள். வெள்ளையாகத் தூள் ஒட்டும், மெல்லிய இழை குத்தும். வெயிலில் கிடந்த பழைய பக்கெட்டின் விளிம்பைக் கிள்ளினால் அப்பளம் போல ஒடியும். விஷயம் முழுக்க இதுதான். பிளாஸ்டிக் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலி. வெயிலின் புற ஊதாக் கதிர் அந்தச் சங்கிலியை அங்கங்கே வெட்டுகிறது, சூடு அதற்குத் துணை போகிறது, அப்புறம் காற்றோ அலையோ காலோ உரசியதும் பொடியாக உதிர்கிறது. காகிதமும் வாழை இலையும் மக்கி மண்ணாகும். இது மக்காது, சின்னதாகிக்கொண்டே போகும். 5 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் மைக்ரோபிளாஸ்டிக் என்கிறோம், அரசுத் தமிழில் நுண்நெகிழி. 1 மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே போனால் நானோபிளாஸ்டிக். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பெயரை எல்லோரும் பேசும்படி செய்தது 2004இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சன் குழு வெளியிட்ட ஒரு சின்னக் கட்டுரை. பெயருக்குத்தான் இருபது வயது. தூளுக்கு பிளாஸ்டிக்கின் வயசு.

ஆக, இந்தத் தூளை உண்டாக்குவது சூடும் உரசலும். நான் கீழே சொல்லப்போகும் எல்லாவற்றையும் இந்த இரண்டை வைத்தே அளந்து பாருங்கள்.

கடலூர்த் துறைமுகத்தில் மீன் இறங்கும் நேரத்தில் போயிருக்கிறீர்களா? ஐஸ் போட்டு மீன் அடைக்கிற தெர்மாகோல் பெட்டிகள் அடுக்கடுக்காக நிற்கும். உடைந்த பெட்டியின் மூலையிலிருந்து வெள்ளை மணிகள் உதிர்ந்து காற்றில் ஓடும். வலையும் கயிறும் நைலான், அல்லது கவர் செய்கிற பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். பைபர் படகைச் செப்பனிடும்போது தேய்த்த தூள் அப்படியே மணலில் விழும். மீனவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பருத்தி வலையும் கட்டுமரமும் வைத்திருந்தவர்களுக்கு இதையெல்லாம் முன்னேற்றம் என்று விற்றது வேறு ஆட்கள்.

மாணவர்களைக் கூட்டிக்கொண்டு சில்வர் பீச்சுக்குப் போகும்போது ஒரு சோதனை செய்வதுண்டு. நீங்கள் பையனோடு செய்து பார்க்கலாம். அலை ஏறி இறங்கும் இடத்தில், காய்ந்த பாசியும் குப்பையும் கோடு போல ஒதுங்கியிருக்கும். அந்தக் கோட்டிலிருந்து இரண்டு கை மணல் எடுங்கள். ஒரு கண்ணாடி பாட்டில் தண்ணீரில் கல் உப்பை, இனி கரையாது என்கிற அளவுக்குக் கரைத்து, மணலைப் போட்டுக் கலக்கி அரை மணி நேரம் விடுங்கள். மணல் கீழே போகும். கவர், கயிறு, தெர்மாகோல் துணுக்குகள் நீலமும் வெள்ளையும் பச்சையுமாக மேலே மிதக்கும். தண்ணீர் பாட்டில் செய்கிற பெட், குழாய் செய்கிற பிவிசி இரண்டும் உப்புத் தண்ணீரைவிடக் கனமானவை. அவை மணலோடு கீழேயே கிடக்கும். அதனால் மேலே தெரிவது மொத்தத்தில் ஒரு பகுதிதான். கண்ணுக்கு எட்டாத சின்னத் துகள்கள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

சில சமயம் ஜவ்வரிசி போல உருண்டையாக, ஒரே அளவில் மணிகள் கிடைக்கும். பிளாஸ்டிக் சாமான் செய்ய ஆலைகளுக்குப் போகிற மூலப்பொருள் அது. நர்டில் என்பார்கள். 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற கப்பல் எரிந்தபோது சுமார் 1,680 டன் நர்டில் கடலில் கொட்டியது. 2025 மே மாதம் கொச்சி அருகே எம்எஸ்சி எல்சா 3 மூழ்கிய பிறகு கேரளக் கரையிலும், கன்னியாகுமரிப் பக்கமும் இதே மணிகள் ஒதுங்கின. பையன் கையில் கிடைத்தால் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், வேறு பதற்றம் வேண்டாம்.

கடலுக்கு இது வரும் பெரிய வழி ஆறு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதும் உங்களுக்கே தெரியும். அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் கரைபுரண்டு வந்தது. வெள்ளம் வடிந்ததும் தாழங்குடா முகத்துவாரத்தில் கவர்களும் பாட்டில்களும் மலையாகக் கிடந்ததைத்தான் எல்லோரும் படம் எடுத்தார்கள். படத்தில் விழாதது ஆற்றின் அடிமண்ணிலிருந்து கிளம்பிப் போன தூள். மான்செஸ்டர் பக்கத்து ஆறுகளில் ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு வெள்ளக் காலம் ஆற்றுப்படுகையில் தங்கியிருந்த நுண்பிளாஸ்டிக்கில் சுமார் 70 சதவீதத்தை அடித்துக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னது. நம் ஊர் ஐப்பசி கார்த்திகையை நினைத்துப் பாருங்கள். அந்தத் தூளில் கொஞ்சம் கடலுக்குப் போகும், கொஞ்சம் பிச்சாவரம் மாதிரி இடங்களில் சிக்கும். சுரபுன்னையின் வேர்கள் சேற்றைப் பிடித்து வைக்கிற அதே கெட்டித்தனத்தோடு பிளாஸ்டிக்கையும் பிடித்து வைக்கின்றன. நண்டும் இறால் குஞ்சும் வளர்வது அந்தச் சேற்றில்தான்.

உயிரினங்களுக்கு என்ன ஆகிறது என்பதில் மனிதரைவிடத் தெளிவான சான்றுகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில் கடற்பறவைக் குஞ்சுகளின் வயிற்றில் பிளாஸ்டிக் உரசி உரசி இரைப்பை முழுக்கத் தழும்பாகிப் போவதைப் பார்த்து, 2023இல் அந்த நோய்க்கு பிளாஸ்டிகோசிஸ் என்றே பெயர் வைத்தார்கள். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், சத்து இருக்காது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் மழை பெய்யும்போதெல்லாம் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்தன. பல வருடம் துப்புத் துலக்கி 2020இல் கண்டுபிடித்தார்கள்: டயரில் வெடிப்பு விடாமலிருக்கச் சேர்க்கும் ஒரு ரசாயனம், தேய்ந்த டயர் தூளிலிருந்து காற்றின் ஓசோனோடு சேர்ந்து வேறொரு நஞ்சாக மாறி, மழைத் தண்ணீரோடு ஓடைக்குப் போயிருக்கிறது. டயரைப் பிளாஸ்டிக் என்று நாம் யாரும் நினைப்பதில்லை. ஆனால் தூள் கணக்கில் அதுவும், பாலியெஸ்டர் துணியும்தான் முன்வரிசை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடுகிற ஒவ்வொரு பஸ்ஸும் கொஞ்சம் கொஞ்சமாக டயரைச் சாலைக்குக் கொடுத்துவிட்டுத்தான் போகிறது.

நிலத்தையும் விட்டுவிட முடியாது. தர்பூசணிக்கும் காய்கறிக்கும் இப்போது மண்ணை மூடும் பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட் விரிக்கிறார்கள். களை வராது, ஈரம் காயாது, நல்ல விஷயம்தான். அறுவடை முடிந்ததும் முழுசாகச் சுருட்டி எடுக்க வருவதில்லை, அடுத்த உழவில் டிராக்டர் அதைக் கிழித்து மண்ணோடு கலந்துவிடுகிறது. பாலிஎத்திலீன் தூள் அதிகமாகக் கலந்த இலைச்சருகைத் தின்ற மண்புழுக்களின் வளர்ச்சி குறைந்து இறப்பு கூடியதை 2016இல் நெதர்லாந்தில் ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். விவசாயி யாராவது இதைப் படித்தால், ஷீட் வாங்கும்போது கனமானதாக வாங்குங்கள், கிழியாமல் எடுக்க வரும்.

சரி, மனிதருக்கு வருவோம். இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். உடம்புக்குள் இருக்கிறதா? இருந்தால் கெடுதல் செய்கிறதா? வீடியோக்காரர்கள் முதல் கேள்விக்குப் பதிலைச் சொல்லிவிட்டு இரண்டாவதற்கும் சொன்ன மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

இருக்கிறது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. இத்தாலியில் நஞ்சுக்கொடியில் கண்டார்கள். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் ரத்தம் கொடுத்த 22 பேரில் 17 பேரின் ரத்தத்தில் கண்டார்கள். 150 மைக்ரானைவிடப் பெரிய துகள் குடலைத் தாண்டுவது அரிது, வந்த வழியே போய்விடும். சின்னது போகச் சின்னது உள்ளே போகும்.

கெடுதல் பற்றி இதுவரை வந்ததில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 2024 மார்ச்சில் வெளியான இத்தாலிய ஆய்வு. கழுத்து ரத்தக்குழாயில் அடைத்திருந்த கொழுப்பை அறுவை செய்து எடுத்தவர்களில் 257 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். 150 பேரின் கொழுப்பில் பாலிஎத்திலீன் இருந்தது. ஏறக்குறைய 34 மாதத்தில், பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று நேரும் அபாயம் மற்றவர்களைவிட 4.5 மடங்கு. பிளாஸ்டிக்கே காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. அவர்கள் வாழ்க்கை முறையில் வேறு ஏதாவது இருந்திருக்கலாம். ஆனால் தள்ளிவிடக்கூடிய எண் இல்லை.

நீங்கள் பார்த்த மூளை ஸ்பூன் கதை 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலிருந்து வந்த ஆய்வு. 2016இல் இறந்தவர்களைவிட 2024இல் இறந்தவர்களின் மூளையில் அளவு அதிகம் என்றது அது. அந்த ஒப்பீட்டைக் கவனிக்கலாம். ஸ்பூன் கணக்கை நான் நம்பவில்லை. காரணம் எளிது: மாதிரியைச் சூடாக்கி, வரும் ஆவியை வைத்து பிளாஸ்டிக்கை அடையாளம் காணும் முறை அது. கொழுப்பைச் சூடாக்கினாலும் பாலிஎத்திலீனைப் போன்ற ஆவித் துணுக்குகள் வரும். மூளையில் தண்ணீரைக் கழித்துவிட்டால் பாதிக்கு மேல் கொழுப்புதான். வேறு விஞ்ஞானிகளும் இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். இதே ரகம்தான் "வாரம் ஒரு கிரெடிட் கார்டு எடைக்குப் பிளாஸ்டிக் தின்கிறோம்" என்ற 2019ஆம் வருடத்துக் கதை. கார்டு 5 கிராம். பின்னால் நெதர்லாந்தில் இன்னும் கவனமாகக் கணக்கிட்டவர்கள் ஒரு பெரியவருக்கு வாரம் நாலு மைக்ரோகிராம் (கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம்) அளவில்தான் வருகிறது என்றார்கள். வித்தியாசம் பத்து லட்சம் மடங்குக்கும் மேல்!

இதைக் கேட்டு அப்பாடா என்று சாய்ந்துகொள்ளவும் வேண்டாம். அளவு கூடினால் பிளாஸ்டிக் தூள் நுரையீரலைக் கெடுக்கும் என்பது பழைய செய்தி. 1990களில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், வெல்வெட் மாதிரித் துணிக்கு நைலான் இழையைப் பொடியாக வெட்டும் ஆலைகளில் வேலை செய்தவர்களுக்கு நுரையீரல் நோய் வந்து, அதற்குத் தனிப்பெயரே வைத்தார்கள். துகள் போக, அதனோடு ஒட்டிவரும் ரசாயனங்கள் வேறு. பிளாஸ்டிக்கில் புழங்கும் ரசாயனங்கள் 16,000க்கு மேல், அதில் 4,200க்கு மேல் கவலைப்பட வேண்டியவை என்று 2024இல் ஒரு பெரிய தொகுப்பு சொன்னது. பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட், கெட்டிப் பிளாஸ்டிக் செய்ய உதவும் பிஸ்பீனால் போன்றவை உடம்பின் ஹார்மோன் வேலையில் குறுக்கிடும். வளரும் குழந்தைக்கு இதில் கூடுதல் கவனம் தேவை என்பது என் கட்சி.

மீன் எங்கே என்கிறீர்களா. மீனில் துகள் பெரும்பாலும் இருப்பது குடலில். வஞ்சிரமோ சங்கராவோ, செதில் சுரண்டி வயிற்றைக் கீறிக் குடலை எடுத்தாயிற்று என்றால் பெரும்பகுதி போயிற்று. நெத்திலியை உங்கள் மாமியார் எப்படி ஆய்கிறார் என்று பாருங்கள். தலையைக் கிள்ளி ஒரு இழு, குடலும் கூடவே வந்துவிடும். எந்த ஆய்வுக்கட்டுரையும் சொல்லிக் கொடுத்ததில்லை, மணலும் கசப்பும் வேண்டாம் என்று வந்த கைவழக்கம். முழுசாகச் சாப்பிடுவது சென்னாக்குன்னி என்கிற பொடி இறால், மட்டி, ஆளி மாதிரிச் சிப்பிகள். இவற்றை அடிக்கடி வேண்டாம், ஆசைக்குச் சாப்பிடலாம். நல்ல கொழுப்பும் புரதமும் தரும் மீனை ஐந்து வயதுப் பையன் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பாக்கெட் சிப்ஸ் வைத்தால் அதுதான் நஷ்டம்.

உப்பு? ஐஐடி பம்பாய் 2018இல் நம் நாட்டுக் கடல் உப்புகளைச் சோதித்து எல்லாவற்றிலும் துகள் இருப்பதாகச் சொன்னது. தினம் 5 கிராம் உப்பு சாப்பிட்டால் வருடத்துக்கு 117 மைக்ரோகிராம். மரக்காணம் உப்பளத்தில் ஒரு கல் உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடையில் நூறில் ஒரு பங்குகூட வராது. கடல் தண்ணீரைப் பாத்திக்கு விடும் முன் மணலில் வடிகட்டினாலே 85 சதவீதம் நின்றுவிடும் என்றும் அதே ஆய்வு காட்டியது. அது உப்பளக்காரரும் அரசும் பார்க்க வேண்டிய வேலை. உப்பைக் குறைப்பது ரத்த அழுத்தத்துக்கு நல்லது, அந்தக் காரணத்துக்காகக் குறையுங்கள்.

நீங்கள் கேட்காமல் விட்டது சூடு. ஐஐடி கரக்பூர் 2020இல் பேப்பர் கப்பைச் சோதித்தது. பேப்பர் கப் என்பது பெயர்தான், உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இல்லாவிட்டால் டீ ஒழுகிவிடும். 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி திரவம் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 துகள்கள் இறங்கின. அதே வருடம் டப்ளினில், குழந்தைகளின் பாலிப்ரொப்பிலீன் பால் பாட்டிலைச் சோதித்தவர்கள் 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 6 லட்சமாக இருந்த துகள், 95 டிகிரியில் 5.5 கோடியாக எகிறியதைக் கண்டார்கள். பாட்டில் அதேதான், மாறியது சூடு. இப்போது நம் ஊர் ஓட்டலில் கொதிக்கிற சாம்பாரைக் கவரில் ஊற்றி முடிச்சுப் போட்டுக் கொடுப்பதையும், அது ஸ்கூட்டர் கொக்கியில் குலுங்கிக்கொண்டு அரை மணி நேரம் வருவதையும் நினைத்துக்கொள்ளுங்கள். சூடு, உரசல், எண்ணெய், புளி எல்லாம் ஒரே பையில். எனக்கு இதைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. தெருமுனைக் கடையில் பார்சல் வாங்கத் தூக்கோடு போய் நிற்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எங்கள் தெருக் கடைக்காரர் முதலில் சிரித்தார், இப்போது ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுகிறார். டீயைக் கண்ணாடி கிளாஸில் கேளுங்கள். மைக்ரோவேவில் பிளாஸ்டிக் டப்பா வேண்டவே வேண்டாம், அதன் அடியில் என்ன முத்திரை இருந்தாலும்.

கேன் தண்ணீர் பற்றி: 2024 ஜனவரியில் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு அமெரிக்காவில் விற்கும் பாட்டில் தண்ணீரில் லிட்டருக்குச் சராசரி 2,40,000 துகள் எண்ணியது. பத்தில் ஒன்பது நானோ. எண்ணிக்கை மிரட்டும், எடை மிகக் குறைவு. கேனை வாங்கலாம். ஆனால் நாள் முழுக்க வெயிலில் நின்ற வண்டியிலிருந்து வேண்டாம். கீறலும் மங்கலுமாக இருக்கிற கேனைத் திருப்பிக் கொடுங்கள். வந்ததும் பானையிலோ எவர்சில்வர் குடத்திலோ மாற்றிவிடுங்கள். உங்கள் பக்கத்துக் குழாய்த் தண்ணீர் கடினமாக இருந்தால், பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் கட்டுமே, அதில் ஒரு லாபம் இருக்கிறது. சீனாவில் குவாங்சோவில் 2024இல் காட்டினார்கள்: கடின நீரைக் கொதிக்க வைத்தால் பிரிந்து வரும் சுண்ணாம்பு, துகள்களைப் பொதிந்துகொண்டு அடியில் படியும். தெளியவிட்டு வடித்தால் 80 முதல் 90 சதவீதம் வரை போய்விடும். மென்மையான நீரில் இது கால்வாசிதான் வேலை செய்யும். கொதிக்க வைப்பது எவர்சில்வர் பாத்திரத்தில் இருக்கட்டும், வடிகட்டுவது பருத்தித் துணியில். உப்புக் கரிக்கிற தண்ணீருக்கு இது மருந்தில்லை, உப்பு அப்படியே இருக்கும்.

அப்புறம் வீட்டுத் தூசி. பாலியெஸ்டர் திரை, நைட்டி, சோபா, பாய் எல்லாம் இழை உதிர்க்கின்றன. தரையில் விளையாடும் குழந்தை அதைச் சுவாசிக்கிறது, கையோடு விழுங்குகிறது. துடைப்பத்தால் கிளப்பிவிடுவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல். கோரைப்பாய் கிடைத்தால் பிளாஸ்டிக் பாயை விடுங்கள். குப்பையோடு கவரைக் கொளுத்துவது எல்லாவற்றிலும் மோசம். துகளும் காற்றில் போகும், டையாக்சின் என்ற நஞ்சும் வரும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1, புதுச்சேரியில் அதே வருடம் ஆகஸ்ட் 1, நாடு முழுக்க 2022 ஜூலை 1 என்று ஒருமுறை பயன்பாட்டுப் பிளாஸ்டிக்குக்கு மூன்று தடைகள். கடைத்தெருவுக்குப் போய் வந்தால் அவற்றின் நிலவரம் தெரியும். உலக ஒப்பந்தம் ஒன்றுக்காக 2025 ஆகஸ்டில் ஜெனிவாவில் கூடிய நாடுகள் ஒன்றும் முடிவாகாமல் கலைந்தன. உற்பத்திக்கு வரம்பு போடுவதில்தான் இழுபறி. தூளாகிவிட்ட பிறகு வலை வீசியோ சல்லடை போட்டோ எடுக்க வழி கிடையாது. கவராக, பெட்டியாக, கயிறாகக் கண்ணுக்குத் தெரியும்போதே எடுத்தால் உண்டு. அதனால் துறைமுகத்தில் உடைந்த தெர்மாகோலையும் கிழிந்த வலையையும் விலை கொடுத்து வாங்கும் ஏற்பாடு, கடற்கரையில் பதாகை பிடிப்பதைவிடப் பிரயோஜனம் என்பது என் எண்ணம்.

அடுத்த ஞாயிறு மீன் கொண்டு வருகிறவரிடம் முதல் நாளே ஒரு மூடி போட்ட எவர்சில்வர் டப்பா கொடுத்தனுப்புங்கள். கறுப்புக் கவரும் தெர்மாகோலும் வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார். சங்கரா கிடைத்தால் குழம்புக்கு, நெத்திலி கிடைத்தால் பையனுக்கு வறுவல்.